மரங்களுக்கும் ஒரு பெரட்டு

(பளையில் நடந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் ஒன்றுகூடலில், சங்கத்தின் கல்விக் குழு சார்பில் நிகழ்த்திய உரை)



பளையின் தென்னை நிழலில் இருந்துகொண்டு மழைக்காட்டைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். நியாயமான சிரிப்புத்தான். குடாநாட்டில் மலை இல்லை, ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை நிலத்துக்குள் இறங்கிக் கிணற்றில் நிற்க, அதை ஆண்டு முழுவதும் இறைக்கிற மண் இது. ஆனால் இங்கே இருக்கிற எல்லோரும் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அல்ல. 1977 ஆவணிக் கலவரத்துக்குப் பிறகு லயத்தைப் பூட்டாமலே புறப்பட்டு, வவுனியா, கிளிநொச்சி என்று வந்து, பிறகு வேலை தேடிப் பளைக்கு வந்த குடும்பங்கள் இந்தக் கூட்டத்தில் பாதிக்கு மேல் இருக்கின்றன. எங்கள் குடும்பங்களும் அப்படித்தான். நாங்கள் இறக்குவானைப் பக்கம். எங்கள் அப்பாமார் பெரட்டுக்குப் போகும்போது முதுகுப்பக்கம் தெரிந்த காடு, இன்றைக்கு உலகம் முழுவதும் பெயர் தெரிந்த சிங்கராஜ வனத்தின் கிழக்கு ஓரம்.

அந்தக் காட்டில் எங்கள் ஆட்கள் விறகு பொறுக்கினார்கள், கொறக்காப்புளி எடுத்தார்கள், கித்துள் பாணிக்காகக் கிராமத்துச் சிங்களக் குடும்பங்களோடு பண்டமாற்றுச் செய்தார்கள். ஹொர, துன், கீன, நா என்று மரங்களின் பெயர் சொல்லுவார்கள். அத்தனையும் சிங்களப் பெயர். தமிழில் என்ன பெயர் என்று கேட்டால், "காட்டு மரத்துக்கு என்னடா பேரு" என்பார் தாத்தா. இந்தப் பெயர் விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

முதலில் நாங்கள் ஏன் மரம் எண்ணுகிற வேலையைப் படிக்கத் தொடங்கினோம் என்று சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மலைநாட்டுத் தோட்டம் ஒன்றில், லயத்துக்குத் தண்ணீர் வருகிற ஊற்றுக்கு மேலே நின்ற காட்டுத் துண்டில் மரங்கள் தறிபட்டன. லொறியில் ஏற்றியதைப் பெண்கள் பார்த்தார்கள். சங்கம் கடிதம் எழுதியது. வந்த பதில் இரண்டே வரி. அந்த இடத்தில் காடு இருந்ததாகப் பதிவு இல்லை, ஆகவே வெட்டுவதற்கும் ஒன்றும் இருக்கவில்லை என்றது அது. எத்தனை மரம் நின்றது, என்ன மரம், எவ்வளவு பருமன் என்று திருப்பிக் கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. முப்பது வருஷம் அந்த மரத்தடியில் தண்ணீர் பிடித்தவர்களிடமும் இல்லை. கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ குறைந்தால் சண்டைக்குப் போகிற நாங்கள், தலைக்கு மேலே நின்ற மரத்தை ஒருநாளும் எண்ணி வைக்கவில்லை.

ஆனால் எண்ணி வைத்த இடம் ஒன்று இருக்கிறது, அதுவும் நாங்கள் விட்டு வந்த காட்டிலேயே. சிங்கராஜ வனத்துக்குள் 25 ஹெக்டேயர் நிலத்தை 1993 இல் அளந்து பிரித்தார்கள். நீளம் 500 மீற்றர், அகலம் 500 மீற்றர். ஏக்கர்க் கணக்கில் அறுபதுக்கு மேல், அதாவது ஒரு நல்ல மலைத் துண்டு அளவு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க தம்பதியினர் அந்த வேலையின் முதுகெலும்பு. வனத் திணைக்களமும், வெளிநாட்டிலிருந்து ஸ்மித்சோனியன் நிறுவனமும் ஹார்வார்ட் பல்கலைக்கழகமும் உடன் நின்றன.

வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். நீங்கள் கேட்டுப் பழகிய கதைதான். முதலில் நிலத்தை 20 மீற்றருக்கு 20 மீற்றர் சதுரங்களாகப் பிரிக்கிறார்கள். 25 ஹெக்டேயரில் அப்படி 625 சதுரம் வரும். நமது தோட்டத்தில் மலைகளுக்கு நம்பர் போடுவது போலச் சதுரங்களுக்கும் நம்பர். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் 5 மீற்றருக்கு ஒரு நூல் பிடித்துச் சின்னக் கட்டங்கள். பிறகு அந்தக் கட்டத்துக்குள் நிற்கிற ஒவ்வொரு மரத்துக்கும் போக வேண்டும். பெரிய மரம் மட்டும் இல்லை. நெஞ்சுயரத்தில், அதாவது நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், 1 சென்ரிமீற்றர் தடிப்பு இருந்தாலே அது கணக்கில் வரும். பென்சிலைவிடச் சற்றுத் தடித்த கன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. அலுமினியத் தகட்டில் நம்பர் குத்தி மரத்தில் கட்டுவார்கள். அளந்த இடத்தில் வர்ணத்தால் கோடு போடுவார்கள், அடுத்த முறை வருகிறவர் மேலேயோ கீழேயோ அளந்து கணக்கைக் குழப்பாமல் இருக்க. மரம் நிற்கும் இடம் வரைபடத்தில் ஒரு புள்ளியாக ஏறும். இனப் பெயர் எழுதப்படும். பெயர் தெரியாவிட்டால் இலையைப் பறித்து, காயவைத்து, பேராதனைத் தாவரவியல் பூங்காவில் உள்ள பழைய மாதிரிகளோடு வைத்துப் பார்ப்பார்கள்.

சொல்ல எளிது. அந்த நிலம் ஏறக்குறைய 150 மீற்றர் ஏற்ற இறக்கம் உள்ள சரிவு. அட்டை, வழுக்கல், ஆண்டு முழுவதும் மழை. குடாநாட்டில் ஓராண்டில் பெய்கிற மழையைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அங்கே பெய்யும். சரிவில் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கிய தாய்மாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த நிலத்தில் ஏறக்குறைய இரண்டு இலட்சம் மரத்துக்கு நம்பர் கட்டினார்கள். இனங்கள் 200க்கு மேல். அதோடு முடியவில்லை. சில ஆண்டு கழித்துத் திரும்பவும் போய், எது செத்தது, எது எவ்வளவு பருத்தது, புதிதாக எது தலை காட்டியது என்று நம்பர் நம்பராகப் பார்த்தார்கள். செக்ரோலைக் கையில் வைத்துக்கொண்டு பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுகிற மாதிரி. ஒரு வித்தியாசம், வராத மரத்துக்கு அரைப்பேர் போட முடியாது.

இந்த முறை முதலில் பனாமா நாட்டில் பாரோ கொலராடோ என்ற தீவில், 1980 இல் ஸ்டீபன் ஹபெல், ரொபின் பொஸ்டர் என்ற இருவர் தொடங்கியது. அங்கே 50 ஹெக்டேயர், ஏறக்குறைய 300 இனம். பிறகு மலேசியாவில் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் பாசோ காட்டில் அதே 50 ஹெக்டேயரில் 800க்கு மேல். சரவாக்கில் லம்பீர் என்ற இடத்தில் 52 ஹெக்டேயரில் ஏறக்குறைய 1,200. மலேசியா என்றதும் உங்களுக்கு நினைவு வர வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கிளார்க்குமாரும் ஸ்டேசன் மாஸ்டர்மாரும் போன நாடு அது, தமிழ்நாட்டிலிருந்து எங்கள் உறவுகள் றப்பர் வெட்டப் போன நாடும் அதுதான். அவர்கள் றப்பர் வைத்த நிலம் எல்லாம் முன்பு பாசோ மாதிரிக் காடு. இன்று இப்படியான நிலங்கள் உலகத்தில் எழுபதுக்கு மேல் இருக்கின்றன. எல்லா இடத்திலும் அளக்கிற முறை ஒன்றே, விதியும் ஒன்றே. அதனால் சிங்கராஜவில் கிடைத்த கணக்கை பனாமாக் கணக்கோடு வைத்துப் பார்க்கலாம்.

சரி, எண்ணி என்ன கண்டார்கள்? காடு என்பது கண்டபடி கலந்து கிடக்கிற பச்சை இல்லை என்று கண்டார்கள். துன் என்று எங்கள் ஆட்கள் ஒரே பெயரில் சொன்னது பல இனம். அதில் ஒன்று மேட்டில் நிற்கும், மற்றது பள்ளத்தில். நா மரத்திலும் அப்படியே, ஒன்றுக்குச் சிங்களத்தில் தியநா என்று பெயர், 'திய' என்றால் தண்ணீர், அது ஓடைக்கரையைத் தேடி நிற்கும். கிராமத்தவர் வைத்த பெயரிலேயே பாதி விஞ்ஞானம் இருந்திருக்கிறது. சில இனங்களுக்கு 25 ஹெக்டேயரிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய மரங்களே உண்டு. பள்ளத்தில் ஓடைக்கரையை மட்டும் வெட்டிவிட்டு "மேலே காடு இருக்கிறதே" என்று சொன்னால், சில இனத்துக்கு அது முழு அழிவு. ஊற்றுக்கு மேலே நின்ற எங்கள் காட்டுத் துண்டு ஞாபகம் வருகிறதா?

ஏன் இத்தனை இனம் ஒரே இடத்தில் நிற்கிறது என்பதற்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. 1970, 1971 ஆம் ஆண்டுகளில் ஜான்சன், கொனெல் என்ற இருவர் தனித்தனியாகச் சொன்னது. ஒரு தாய்மரத்தடியில் அதன் விதைகள் விழுந்து முளைக்கின்றன. ஆனால் அந்த மரத்தையே தின்று பழகிய பூச்சியும் பூஞ்சணமும் அந்த அடியிலேயே காத்திருக்கின்றன. பிள்ளைகள் அதிகம் சாவது தாயின் காலடியில். தூரத்தில், வேறு இனங்களுக்கு நடுவில் விழுந்த விதைக்குத்தான் பிழைக்க வழி. அதனால் எந்த இனமும் காடு முழுவதையும் பிடித்துக்கொள்ள முடிவதில்லை. பாரோ கொலராடோ நிலத்தில் எண்ணிய கன்றுகளின் சாவுக் கணக்கு இதற்கு நல்ல ஆதரவு தந்தது.

இதைப் புரிந்துகொள்ள நாங்கள் புத்தகம் படிக்கத் தேவையில்லை. மத்திய மலைநாட்டுக் காட்டை வழித்துவிட்டு ஒரே செடியை, கோப்பியை, இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் வைத்தார்கள். 1869 இல் இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் கண்டது. கோப்பித் துரு நோய். ஒரு இலையிலிருந்து அடுத்த இலைக்குப் போக இடையில் வேறு மரமே இல்லை. இருபது வருஷத்துக்குள் கோப்பி முடிந்தது. துரைமார் கடன்பட்டார்கள் என்று வரலாற்றில் எழுதியிருக்கிறது. கூலி வராமல், தலைமன்னார்ப் பாதையில் திரும்பி நடந்த எங்கள் ஆட்களைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை. தேயிலைக்கு 1946 இல் கொப்புள நோய் வந்தது. இங்கே இப்போது தென்னை ஓலைகளில் வெண் ஈ படிந்திருப்பதை அண்ணாந்து பார்த்தால் தெரியும். ஒரே இனம் நிரை நிரையாக நிற்கிற இடத்தில் நோய்க்கு நடக்கவே தேவையில்லை.

அந்தக் காடு எப்படிப் போனது? அதற்கு ஒரு சட்டம் துணை நின்றது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். காடு, தரிசு, ஆள் இல்லாத நிலம், பயிரிடாத நிலம் எல்லாம், மறுதலையாக ஒருவர் நிரூபித்தால் அன்றி, முடிக்குரிய காணி என்றது. காட்டையும் தரிசையும் ஒரே வரியில் வைத்தார்கள். 200 இனம் நிற்கிற நிலமும், ஒன்றும் முளைக்காத நிலமும் காகிதத்தில் ஒன்றே. அப்படி எழுதிய பிறகு ஏக்கர் ஐந்து சிலிங் என்று விற்க முடிந்தது. மரத்தை வெட்டியதில் சிங்களக் கிராமத்தவரும் இருந்தார்கள், நம்மவரும் இருந்தார்கள். சரிவில் எல்லா மரத்தையும் பாதி கொத்தி வைத்து, உச்சியில் நின்றதை முழுதாகத் தறித்தால், அது விழுந்து கீழ்மரத்தைத் தள்ள, மலை முழுவதும் ஒரே முழக்கத்தில் சாயும். அந்தத் திறமையைப் பார்த்து வெள்ளைக்காரர் வியந்து எழுதினார்கள்.

அதே காலத்தில் பேராதனைப் பூங்காவில் துவெயிற்ஸ் என்ற அதிகாரி இலங்கைத் தாவரங்களின் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தார். 1858 இலிருந்து 1864 வரை பகுதி பகுதியாக வந்தது. ஒரு பக்கம் காடு சாய்கிறது, இன்னொரு பக்கம் அதே காட்டுக்குப் பெயர் எழுதுகிறார்கள். இது வீண் வேலையா என்று முதலில் எங்களுக்கும் தோன்றியது. பிறகுதான் குருடியா சைலானிக்கா என்ற மரத்தின் கதை தெரிய வந்தது. துவெயிற்ஸ் பெயர் எழுதிய மரம். 2012 இல் வெளியான தேசிய செந்தரவுப் பட்டியலில் அது முற்றாக அழிந்துவிட்டது என்று போட்டார்கள். 2019 இல் கம்பஹா மாவட்டத்தில், தரலுவ என்ற இடத்தில், ஒரு மரம் உயிரோடு நின்றது. அதிவேக வீதிக்காக அதையும் வெட்டப் போகிறார்கள் என்று 2021 இல் செய்தி வந்ததும் நாடு முழுவதும் குரல் எழுந்தது. பிக்குமாரும் பிள்ளைகளும் மரத்தடிக்கு வந்தார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஒருவர் இலையையும் பூவையும் பார்த்து எழுதி வைக்காவிட்டால், அது வீதியோரத்தில் நின்ற ஏதோ ஒரு மரம். விறகுக்குப் போயிருக்கும்.

சிங்கராஜவே அப்படித் தப்பியதுதான். 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக அங்கே இயந்திரம் வைத்து மரம் வெட்டத் தொடங்கினார்கள். எதிர்ப்பு வலுத்து, 1970களின் பிற்பகுதியில் வெட்டு நின்றது. 1978 இல் உயிர்க்கோள ஒதுக்கிடம் ஆனது, 1988 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அங்குள்ள மரங்களில் பாதிக்கு மேல் இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை என்ற கணக்கு அந்த வாதத்தில் பெரிய ஆயுதமாக இருந்தது. உணர்ச்சி மட்டும் இருந்து கணக்கு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் இரண்டு வரிக் கடிதம் சாட்சி.

இப்போது பெயர் விஷயத்துக்கு வருகிறோம். 1893 முதல் 1900 வரை வெளிவந்த ட்ரைமனின் இலங்கைத் தாவர நூலில் ஒவ்வொரு தாவரத்துக்கும் சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் கிடைத்த இடத்தில் எல்லாம் போட்டிருக்கிறார்கள். வன்னிக் காட்டு மரம் என்றால் தமிழ்ப் பெயர் நிற்கும்: பாலை, வீரை, முதிரை, கருங்காலி, விண்ணாங்கு. ஈரவலய மழைக்காட்டு மரம் என்றால் சிங்களப் பெயர் இருக்கும், தமிழ்ப் பெயருக்குரிய இடம் பெரும்பாலும் வெறுமை. எங்கள் ஆட்கள் அந்தக் காட்டின் காலடியில் நூற்றைம்பது வருஷம் வாழ்ந்தார்கள். அந்த மரத்தின் கட்டையில் சமைத்தார்கள், அந்த நிழலில் பிள்ளையைத் தொட்டிலில் போட்டார்கள். ஆனால் நம்மிடம் யாரும் பெயர் கேட்கவில்லை. கேட்கத் தகுந்த ஆட்கள் என்று நம்மை நினைக்கவும் இல்லை. எங்கள் தாத்தா சொன்ன ஹொர, துன் எல்லாம் இரவல் பெயர்தான். இரவல் வாங்கியதில் வெட்கம் இல்லை, பக்கத்துக் கிராமத்தோடு பழகியதற்கு அடையாளம் அது. ஆனாலும் வேறு பெயர்களும் இருந்திருக்கும். லயத்துக்கு லயம் ஒன்று, பிள்ளைகள் வைத்த பெயர், மருந்துக்கு எடுத்த கிழவி வைத்த பெயர். இந்தக் கூட்டத்திலேயே எழுபது வயதைத் தாண்டிய நாலைந்து பேர் இருக்கிறீர்கள். உங்களோடு அந்தப் பெயர்கள் போய்விடக் கூடாது.

பெயர் மட்டும் போதும் என்றும் சொல்ல வரவில்லை. ஒரு வேடிக்கை பாருங்கள். தேயிலை மலையில் நிழலுக்கு நிற்கிற கிறவீலியாவை நாங்கள் சவுக்கு என்போம். காரைநகர்க் கடற்கரையில் காற்றுக்கு ஊளையிடுகிற ஊசியிலை மரத்தையும் யாழ்ப்பாணத்தார் சவுக்கு என்பார்கள். இரண்டுக்கும் உறவே இல்லை. சவுக்கு வெட்டினான் என்று வழக்குப் போட்டால் எந்தச் சவுக்கு என்று கேட்பார்கள். அதனால்தான் நம்பரும், நிற்கும் இடமும், பருமனும், விஞ்ஞானப் பெயரும், ஊர்ப் பெயரும் ஒரே வரியில் இருக்க வேண்டும்.

குடாநாட்டு ஆட்களுக்கு மரத்தைப் பதிவு செய்யத் தெரியாது என்றும் யாரும் சொல்ல முடியாது. வேம்படி, அரசடி, புளியடி, நாவற்குழி, கொய்யாத்தோட்டம் என்று ஊருக்கும் சந்திக்கும் மரத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். மரம் போன பிறகும் பெயர் நிற்கிற இடங்கள் உண்டு. ஆனால் போர்க்காலத்தில் பதுங்கு குழிக்கும் அரணுக்கும் தறித்த பனைகளின் கதை வேறு. எத்தனை போனது என்று ஆளுக்கொரு இலட்சம் சொல்கிறார்கள். இந்தப் பளையிலும் முகமாலையிலும் தலை அறுந்து நின்ற தென்னைகளை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். இழப்பீடு பற்றிப் பேசும்போது, நின்ற மரத்துக்கு முன்கூட்டியே கணக்கு இருந்தவன் பேச்சும், இல்லாதவன் பேச்சும் ஒன்றாகவா எடுபட்டன?

2017 இல் உலகத்துத் தாவரவியல் பூங்காக்கள் சேர்ந்து ஒரு பட்டியல் போட்டன: பெயர் தெரிந்த மரஇனங்கள் 60,000 அளவில். 2022 இல் வந்த ஒரு மதிப்பீடு 73,000 வரை இருக்கலாம் என்றது. அப்படியானால் ஆயிரக்கணக்கான இனத்துக்கு இன்னும் பெயரே எழுதவில்லை. அவை பெரும்பாலும் வெப்பமண்டலக் காட்டில், நம்மைப் போன்ற ஏழைகளின் வீட்டுக்குப் பின்னால் நிற்கின்றன. இந்த வேலைக்குப் பட்டம் பெற்ற சிலர் வேண்டும்தான். ஆனால் சரிவில் ஏற, நூல் பிடிக்க, ஒரே மாதிரித் தெரிகிற இரண்டு இலையைத் தடவிப் பார்த்தே பிரித்துச் சொல்ல, அந்த இடத்து ஆட்கள் இல்லாமல் எங்கும் நடக்காது. பிஞ்சுக் கொழுந்தையும் முற்றியதையும் விரல் நுனியால் பிரிக்கிற கைகள் நம்மிடம் இருக்கின்றன. அது திறமை வேலை. திறமை வேலைக்குரிய கூலியும், பதிவேட்டில் எண்ணியவரின் பெயரும் வேண்டும் என்று சங்கம் கேட்கும். ஓசிக்குக் கூட்டிப் போகிற வழிகாட்டியாக நம் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம்.

மலைநாட்டுக் கிளைகளுக்கு நாங்கள் ஏற்கெனவே சொல்லியிருக்கிறோம்: ஊற்றுக்கு மேலே காட்டுத் துண்டு மிஞ்சியிருக்கிற தோட்டங்களில் முதலில் ஒரேயொரு சதுரம் எண்ணுங்கள், 20 மீற்றருக்கு 20 மீற்றர். பதிவேட்டின் ஒரு பிரதி கிளையிடம், ஒன்று தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், ஒன்று தலைமைக் காரியாலயத்தில். அடுத்த முறை எத்தனை மரம், என்ன மரம் என்று கேட்டால் பக்கத்தைப் புரட்டிக் காட்டலாம்.

இங்கே மழைக்காடு இல்லை, ஆனால் தோட்டத்தின் கிழக்கு வேலிக்கு அப்பால் வெட்டாமல் விட்ட பற்றை ஒன்று இருக்கிறது. தேநீர் குடித்துவிட்டு மூன்று மணிக்கு அங்கே போவோம். மிதிவெடி அகற்றி முடிந்தது என்று கையளித்த பகுதிக்குள் மட்டும்தான். மண்டையோட்டுப் பலகை நிற்கிற பக்கம் ஒரு பிள்ளையும் கால் வைக்கக் கூடாது, தாய்மார் கவனியுங்கள். தையல்காரர் நாடா நாலு, தென்னங்கயிறு, வெட்டின பால்மா ரின் தகடு, ஆணியால் நம்பர் குத்தியது, எல்லாம் சாக்கில் இருக்கிறது. பிள்ளைகள் எழுதுங்கள். இளைஞர் அளவு சொல்லுங்கள். முதியவர்களுக்குக் கதிரை கொண்டு வருவோம், நீங்கள் இருந்த இடத்திலிருந்தே பெயர் சொல்லுங்கள். ஒரு மரத்துக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால் சண்டை வேண்டாம், இரண்டையும் எழுதுவோம்.